நிலவறைக்குப் புது வயர் இழுக்கும் முன்: எர்த், நியூட்ரல், ஈரம்

கேள்வி சுருக்கமாக இது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சரிவான மனையில் கட்டிய பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் படியிறங்கினால் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் நிலவறை. மூன்று சுவரும் மண்ணை ஒட்டிய கருங்கல் கட்டு, மேலே அயனி மரப் பலகைத் தட்டு. உள்ளே மரப்பட்டியில் ஓடும் பழைய வயர், ஒரு பல்பு, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு 1 எச்.பி. மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி. மழைக்காலத்தில் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. மேலே புதிதாக ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்) போட்டால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறது. வயர்மேன் அதை பைபாஸ் செய்துவிட்டு, "நிலவறை வயரை மட்டும் மாத்திட்டா சரியாயிடும்" என்கிறார். எந்த வயர், எத்தனை காயில் வாங்க வேண்டும்?

வயர் வாங்குவது நாலாவது வேலை. அதற்கு முன் மூன்று இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் புது வயர் இழுத்தால் அதே மெஷின் அதே மழையில் அதே மாதிரி இழுக்கும்.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது: நிலவறைக்குப் போகும் லைனை மேலே போர்டிலேயே பேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றித் தனியாக டேப் சுற்றி வையுங்கள். பிறகு ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்துப் பாருங்கள். அது இப்போது விழாமல் நின்றால் கசிவு கீழேதான். அப்போதும் விழுந்தால் மேல் வீட்டிலும் கோளாறு இருக்கிறது. நிலவறைக்குச் செலவழிப்பதற்கு முன் தெரிந்துகொண்டது நல்லது. பைபாஸ் செய்த ஆர்.சி.சி.பி. போர்டில் இருப்பது, இல்லாததைவிட மோசம். அடுத்து வேலைக்கு வருகிறவர் அதை நம்பித்தான் கையை வைப்பார்.

போர்டைத் திறக்கும்போது ஒன்றைப் பாருங்கள். அந்தக் காலத்து இரும்பு மெயின் சுவிட்சில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இரண்டு இருக்கும்: பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நியூட்ரல் கட்டையில் கம்பி எரிந்துபோனால் வீட்டில் லைட் எரியாது, "கரண்ட் இல்லை" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஹோல்டரிலும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இப்போது நியூட்ரலில் ஃபியூஸ் வைப்பதில்லை, எரிந்துபோகாத உலோகத் துண்டான லிங்க்தான். அந்த மெயினை இந்த வேலையோடு எடுத்துவிட்டு இரட்டைத் துருவ எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் விழுந்து, பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்ச்) போடுங்கள். மீட்டர் பக்கம் உள்ள ஃபியூஸ், சீல் எல்லாம் மின்வாரியத்தின் சொத்து. அதில் கை வைக்க லைன்மேனைக் கூப்பிட வேண்டும்.

பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பதும் சாதாரணம். சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டர் உயிரோடு இருக்கும். ஆகவே "ஆஃப் செய்துவிட்டேன்" என்பதை நம்பாதீர்கள். நியான் டெஸ்டரும் போதாது; இரண்டு கம்பி உள்ள டெஸ்ட் லாம்ப்போ மல்டிமீட்டரோ வைத்து பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்றையும் பார்த்த பிறகே தொட வேண்டும். அந்த மீட்டரே வேலை செய்கிறதா என்று உயிருள்ள ஒரு பாயின்டில் முன்னும் பின்னும் சரிபாருங்கள்.

இரண்டாவது, எர்த். மெஷின் இழுப்பதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கும். மின்வாரியம் வீட்டுக்குத் தருவது பேஸும் நியூட்ரலும். எர்த் நம் பொறுப்பு. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர் போகும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சுற்றிவிட்டிருப்பார்கள். அன்றைக்கு அந்த பைப் மண்ணுக்குள் நீளமாக ஓடியது, ஓரளவு வேலை செய்தது. பிறகு எப்போதோ பிளம்பர் வந்து வெளியே பி.வி.சி. பைப் மாற்றியிருப்பார். சுவரில் தெரியும் ஓரடி ஜி.ஐ. துண்டு மட்டும் மிச்சம். எர்த் கம்பி இன்னும் அதைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக் கடைசிவரை நடந்து பாருங்கள். மண்ணுக்குள் போகிறதா, பிளாஸ்டிக்கில் முடிகிறதா?

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நம் ஊர் முறை, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடிப்பது. பல்பு பளிச்சென்று எரிந்தால் "எர்த் சூப்பர்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வாட் பல்பின் தடை, சூடான நிலையில், சுமார் 529 ஓம். எர்த் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும்; கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே 50 ஓம் எர்த்தில் மோட்டார் பாடிக்கு நேரடியாக பேஸ் பட்டால் ஓடும் மின்சாரம் 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதை ஒரு இஸ்திரிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மெஷின் பாடி முழு வோல்டேஜில் நிற்கும்.

எர்த் 10 ஓமாக இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. 230-ஐப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் தடையையும் சேர்த்தால் அதுவும் குறையும். எம்.சி.பி.யின் தரவிதிப்படி, அதன் ரேட்டிங்கைப் போல 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16-க்கு அது 23.2 ஆம்பியர். அதாவது ஒரு மணி நேரம் வரை விழாமலே இருக்கலாம். சட்டென்று விழ, பி வகைக்கு 3 முதல் 5 மடங்கும், சி வகைக்கு 5 முதல் 10 மடங்கும் வேண்டும். இந்தப் பக்கத்துப் பாறை மண்ணில் அப்படியொரு எர்த் கிடைப்பது அரிது. ஆர்.சி.சி.பி. எதற்கு என்பதற்கு விடை இதுதான். அதற்கு 23 ஆம்பியர் தேவையில்லை, 30 மில்லி ஆம்பியர் போதும். எர்த் சுமாராக இருந்தாலும் அது விழும்; எர்த் நன்றாக இருந்தால், ஆள் தொடுவதற்கு முன்பே விழும்.

சிலர் எர்த் கிடைக்கவில்லை என்று எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது கூடவே கூடாது. தென்னை ஓலை விழுந்து போஸ்டிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தது என்றால், அடுத்த நொடி மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் பாடியும் 230 வோல்ட்.

எர்த் குழிக்கு இடம்: வீட்டுச் சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம், ஈரம் நிற்கும் இடம். குளியலறைத் தண்ணீர் போகும் தென்னை மூட்டுப் பக்கம் நல்லது. 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், கீழ்ப்பகுதியில் துளைகள். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, அல்லது கடையில் கிடைக்கும் பென்டோனைட் களிமண் கலவை. உப்பு தொடக்கத்தில் தடையைக் குறைக்கும், ஆனால் சில வருடங்களில் ஜி.ஐ.யை அரிக்கும், மழையில் கரைந்தும் போகும். மலைச்சரிவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் பென்டோனைட்டே மேல். நாலடியில் பாறை தட்டினால் வெடி வைக்கப் போகாதீர்கள். 25 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள ஜி.ஐ. பட்டையை அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் கான் வெட்டி 15 மீட்டர் நீளத்துக்குப் படுக்க வைத்தால் அதுவும் எர்த்தான். இரண்டு பைப் இறக்குவதாக இருந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு பைப்பின் நீளமாவது இடைவெளி விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நட்டால் இரண்டும் ஒன்று மாதிரிதான் வேலை செய்யும்.

குழியிலிருந்து போர்டுக்கு 8 எஸ்.டபிள்யு.ஜி. ஜி.ஐ. கம்பி, சுமார் 13 சதுர மி.மீ. வரும். பைப்பில் சுற்றி முறுக்கிவிடக் கூடாது. கம்பி முனையில் லக் (துளையுள்ள உலோகக் காது) வைத்து போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் தடவி, மூடி வைத்த சின்னத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அளவை எர்த் டெஸ்டரில் பாருங்கள், கான்ட்ராக்டரிடம் இருக்கும். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. எர்த்தை ஏப்ரல் வெயிலில் அளக்க வேண்டும், வயரின் இன்சுலேஷனை மழையில் அளக்க வேண்டும். இரண்டின் மோசமான நாளும் அப்போதுதான். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு என்பதால், வேலைக்குத் தோதான காலம் பிப்ரவரி, மார்ச்.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது என்பது. பேஸில் போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. வராததற்குப் பழைய வீட்டில் மூன்று காரணம் வழக்கமாக இருக்கும்.

ஒன்று, ஈரத்தில் ஊறிய வயர் வழியே மெல்லக் கசிவது. 30 மி.ஆ. என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், அதற்கு அனுமதி உண்டு. 230 வோல்ட்டில் 10 கிலோ ஓம் கசிவு என்றால் 23 மி.ஆ.; விழுந்தாலும் விழும், நின்றாலும் நிற்கும். மழை நாளில் விழுந்து வெயில் நாளில் நிற்பது இந்த வகை.

இரண்டு, நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுவது. இதன் அடையாளம் வேடிக்கையானது: கீழே எல்லாம் ஆஃப், ஆனால் மேலே மிக்சி போட்டதும் விழும். மிக்சி ஒரு தப்பும் செய்யவில்லை. மிக்சியின் மின்சாரம் திரும்பும்போது, கீழே நியூட்ரல் எர்த்தைத் தொடும் இடம் வழியாக ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடுகிறது. ஒற்றை எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துத் தேடினால் இது அகப்படாது, ஏனென்றால் அவை பேஸை மட்டுமே வெட்டுகின்றன. நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றித்தான் தேட வேண்டும்.

மூன்று, இரவல் நியூட்ரல். பேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்து, நியூட்ரல் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து. மாடிப்படி லைட்டிலும் இன்வெர்ட்டர் லைனிலும் இது நிறைய. வீட்டுக்கு ஒரே ஃபியூஸ் இருந்த காலத்தில் யாருக்கும் தெரியாமல் ஓடியது. சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. என்று பிரிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இருந்தால் இதெல்லாம் அரை மணி நேர வேலை. மெயினை அணைத்து, பல்பு எல்லாம் கழற்றி, மோட்டார், இன்வெர்ட்டர் வயரைப் பிரித்து, சுவிட்சுகளை ஆன் செய்து, அந்த சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி. கொடுத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த சர்க்யூட் தேறாது. பிறகு மோட்டாரைத் தனியாக அளங்கள். வயர் நன்றாக இருந்து மோட்டார் வைண்டிங் ஈரத்தில் இறங்கியிருப்பதும் உண்டு. அப்போது வயரை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை, மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொடுத்துச் சூடேற்றி வார்னிஷ் போட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வரும் வயர்மேன்கள் இதை ஈ.எல்.சி.பி. என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது ஆர்.சி.சி.பி.யைத்தான். ஆனால் பழைய போர்டில் நிஜமாகவே வோல்டேஜ் வகை ஈ.எல்.சி.பி. இருக்கலாம். எர்த் கம்பிக்கென்று ஈ, எஃப் என்று இரண்டு டெர்மினல் இருந்தால் அது அந்த வகை. கழற்றிவிடுங்கள், மண் வழியாக வேறு பாதையில் போகும் கசிவை அது பார்க்காது.

இப்போது வயர். பட்டியில் ஓடுவது ரப்பர் இன்சுலேஷன் வயராக இருந்தால் ஒட்டுப்போட்டு நீட்டிக்கக் கூடாது. அசையாமல் இருக்கும்வரை நன்றாக இருப்பது போலத் தெரியும். சுவிட்ச் மாற்ற வளைத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். உள்ளே கம்பி வெள்ளையாக இருப்பதைப் பார்த்து உடனே அலுமினியம் என்று முடிவு செய்யாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைக் கெடுக்கும் என்பதால் அந்தக் காலத்தில் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிந்தால் செம்பு. உள்ளேயும் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதைப் புதுச் செம்பு வயரோடு முறுக்கிச் சேர்த்தால் ஈரத்தில் அந்த ஜாயின்ட் அரித்து, தளர்ந்து, சூடாகும். மேலே இருப்பது அயனிப் பலகை என்பதை மறக்க வேண்டாம்.

பழைய வயர்மேன்கள் 3/22, 3/20, 7/20 என்று கேட்பார்கள்; முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் கேஜ். 3/22 என்பது சுமார் 1.2 சதுர மி.மீ., 3/20 சுமார் 2, 7/20 சுமார் 4.6. இன்றைய கணக்கில் லைட்டுக்கு 1.5, பிளக்குக்கும் மோட்டாருக்கும் 2.5, கீழே இறங்கும் மெயின் லைனுக்கு 6 சதுர மி.மீ. செம்பு. எர்த் வயரும் அந்தந்த பேஸ் வயரின் அளவிலேயே, பச்சை நிறத்தில். 2.5 ஏன் என்றால், 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான். கிளம்பும்போது 35 தாண்டும். 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 வயரில் அப்போது சுமார் 9 வோல்ட் இறங்கும், 1.5 வயரில் 15. சாயங்காலம் 200 வோல்ட்டே வரும் கிராமத்து லைனில் இந்த 15-தான் மோட்டார் முனகி நிற்பதற்கும் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

கீழே டி.பி. (சர்க்யூட்டுகளைப் பிரிக்கும் பெட்டி) வைக்க வேண்டாம். படி தொடங்கும் இடத்தில், நிலவறைக் கதவுக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் வையுங்கள். தண்ணீர் ஏறியிருக்கும்போது அதில் இறங்கித்தான் அணைக்க முடியும் என்ற நிலை வரக் கூடாது. மேல் போர்டிலிருந்து 32 ஆம்பியர் இரட்டைத் துருவ எம்.சி.பி. வழியாக 6 சதுர மி.மீ. வயர் இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டிக்குள் 40 ஆம்பியர், 30 மி.ஆ., இரண்டு துருவ ஆர்.சி.சி.பி. இரண்டு. ஒன்றின் கீழ் லைட்டுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் சாதாரண பிளக்குக்கு 16-உம். இன்னொன்றின் கீழ் ஷீட் மெஷினுக்கு ஒன்று, கிணற்று மோட்டாருக்கு ஒன்று, இரண்டும் 16 ஆம்பியர் சி வகை. ஏன் இரண்டு ஆர்.சி.சி.பி.? மோட்டார் கசிந்து விழும்போது லைட்டும் சேர்ந்து போனால், ஈரத் தரையில் இன்னும் சுற்றி அடங்காத ரோலர் முன்னால் இருட்டில் நிற்க வேண்டிவரும். செலவு கொஞ்சம் கூடும். இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பார் கட்டாயம். இரண்டு நியூட்ரலும் ஒரே பாரில் கலந்தால் இரண்டும் நிற்காது. ஆர்.சி.சி.பி. ஓவர்லோடுக்கு விழாது, அதற்கு முன்னால் உள்ள 32 எம்.சி.பி. அதையும் காக்கிறது. ஆர்.சி.சி.பி.யில் ஏ வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், எல்.இ.டி., இன்வெர்ட்டர் போன்றவற்றின் கசிவை ஏ.சி. வகை சரியாகப் பார்க்காமல் விடலாம்.

பொருள் கணக்கு, இந்த அளவு அறைக்கும் எட்டு மீட்டர் தள்ளி மேல் போர்டு என்ற கணக்குக்கும்: 6 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு, பச்சை 10 மீட்டர் வீதம். 2.5 மூன்று நிறத்திலும் 40 மீட்டர் வீதம், 1.5 மூன்று நிறத்திலும் 30 மீட்டர் வீதம். காயில் பெரும்பாலும் 90 மீட்டராகத்தான் வரும். வெட்டித் தரும் கடையாகப் பாருங்கள், இல்லையென்றால் மிச்சம் மேல் வீட்டு வேலைக்கு ஆகும். 25 மி.மீ. பி.வி.சி. குழாய், கனமான வகை, பத்தடி நீளத்தில் 14. குழாயைச் சுவரில் பிடிக்கும் சேடில் 65, அதற்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் அதே எண்ணிக்கை. மூடியுள்ள ஜங்ஷன் பெட்டி 6, பெண்டும் கப்ளரும் பத்துப் பத்து. ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, சாதா இரும்பு ஸ்குரூ இரண்டு மழைக்குள் துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும். வயரின் மேல் ஐ.எஸ். 694 என்றும் சி.எம்./எல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று வந்துவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய போலி வயரும் சந்தையில் உண்டு. ஒரு இழையைச் சுரண்டினால் தெரியும்.

குழாயைச் சுவருக்குள் காடி வெட்டிப் புதைக்காதீர்கள். மண்ணை ஒட்டிய கல் சுவர் வருடம் முழுக்க ஈரம் இழுக்கும், சுண்ணாம்புக் கட்டில் காடி வெட்டினால் கல்லும் தளரும். வெளியே சேடிலில், சுவரிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓடட்டும். இரண்டடிக்கு ஒரு சேடில். மரக்கட்டை அடித்து ஸ்குரூ முடுக்கும் பழைய முறை வேண்டாம், கரையானுக்கு விருந்து. குழாயின் உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வயரை அடைக்கக் கூடாது.

ஈரத்தில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மேல் வீட்டு வெதுவெதுப்பான காற்று குழாய் வழியாகக் குளிர்ந்த நிலவறைக்கு வரும்போது உள்ளே வியர்த்து, நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, சுவிட்ச் போர்டுக்குள் நேராக விழும். "சுவர் காய்ந்திருக்கு, பாக்ஸுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?" என்று தலையைச் சொறிவார்கள். இதற்கு மூன்று காரியம்: மேலிருந்து வரும் குழாயின் வாயை வயர் இழுத்த பிறகு சிலிக்கோனால் அடையுங்கள், கிடையாக ஓடும் குழாயை மெல்லிய சரிவில் வைத்து, தாழ்ந்த முனையில் உள்ள ஜங்ஷன் பெட்டியின் அடியில் 5 மி.மீ. துளை போடுங்கள், பிளக், சுவிட்ச் பெட்டிகளுக்குக் குழாயைக் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ நுழையுங்கள், தலைவழியாக வேண்டாம். பெட்டிகள் தூசியும் நீரும் புகாத ஐ.பி. 55 அல்லது 65 தரத்தில், மூடி உள்ளவை, பிளாஸ்டிக். இரும்புப் பெட்டி துருப்பிடித்து எர்த் தொடர்பையும் இழக்கும். உயரம்: சுவரில் பழைய வெள்ளக்கறை இருந்தால் அதற்கு ஓரடி மேலே, எப்படியும் தரையிலிருந்து 4 அடிக்குக் குறையாமல்.

ஷீட் அடிக்கும் இடத்துக்கு உரிய தொல்லை, ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட். அதன் ஆவி பித்தளை டெர்மினலைப் பச்சை பூக்க வைக்கும். பூத்த இடத்தில் தொடர்பு தளரும், சூடாகும். கேனை நிலவறையில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைப்பதை நிறுத்துங்கள். மெஷினுக்குச் சாதாரணப் பிளக் போதாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்ச், ரோலரில் நிற்பவரின் கை எட்டும் தூரத்தில். மெஷினின் இரும்புச் சட்டத்துக்கு மோட்டார் எர்த் போக இன்னொரு 4 சதுர மி.மீ. பச்சை வயர் தனியாக போல்ட் போட்டு வரட்டும். புகை போடும் அறை வழியாக எந்த வயரும் போகக் கூடாது. பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரி வரை தாங்கும் என்பது கம்பியின் சூட்டையும் சேர்த்துத்தான்.

பேட்டரியை மேலே கொண்டுபோய்விடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், கூரையோரம் தேங்கும், ஜன்னல் இல்லாத நிலவறை அதற்குத் தோதான இடம். இன்வெர்ட்டரிலிருந்து நிலவறை லைட்டுக்கு லைன் வேண்டுமென்றால் அதற்கு நியூட்ரலும் தனி, 30 மி.ஆ. ஆர்.சி.சி.பி.யும் தனி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு நிறையப் பேர் சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகுவது போஸ்டில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும் வேலை. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

வேலை வரிசையில், பழையதை முதலில் பிடுங்காதீர்கள். புதுக் குழாய், வயர், பெட்டி எல்லாம் முடித்து, பழைய வயரோடு ஓர் இடத்திலும் சேராமல் மெகரில் பார்த்து, லைன் கொடுத்த பிறகு பழைய பட்டியை வயரோடு முழுதாகக் கழற்றுங்கள். "டெட் வயர்தானே, கிடக்கட்டும்" என்று விட்டால், நாலு வருடம் கழித்து வேறொரு வயர்மேன் அதற்கு உயிர் கொடுப்பார். பட்டி தேக்காக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், தச்சருக்கு ஆகும்.

ஆளைப் பொறுத்தவரை, எல்லைக்கு இரண்டு பக்கமும் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லைசென்ஸ் வாரியம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தனித்தனி. மின்வாரியத்துக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு இந்தப் பக்கத்து லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் கையெழுத்து வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டில் இன்சுலேஷன் அளவும் எர்த் அளவும் எண்ணாக எழுதப்பட்டிருக்கட்டும். "ஓகே" என்று எழுதியதை வாங்காதீர்கள்.

கடைசியில், ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். விழுந்தால் அந்தக் கருவி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் விழும். எர்த்துக்கு வருடா வருடம் ஏப்ரலில் டெஸ்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.